தலையிழந்த சொல்: பினோத்தலீன் என்னும் பெயரின் அசையும் ஒலியும் உறுப்பும்

ஒரு சொல்லைப் பகுத்து நோக்கும் வழிகள் மூன்று. நாவின் வழிப் பகுத்தால் அசை கிடைக்கும். கண்ணின் வழிப் பகுத்தால் எழுத்துக் கிடைக்கும். பொருளின் வழிப் பகுத்தால் உறுப்புக் கிடைக்கும். ஈண்டு அசை என்றது யாப்பிலக்கணத்து நேரசை நிரையசைகளை அன்று. ஓர் உயிரொலியை நடுவாகக் கொண்டு ஒரே முயற்சியில் எழும் ஒலிக்கூட்டத்தையே அச்சொல்லாற் குறித்தோம். இம்மூன்று பகுப்பும் எம்மொழியிலும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. கல்லும் தூணும் சேர்ந்து 'கற்றூண்' ஆகும்போது, செவியிற் கேட்பது கல்லும் அன்று, தூணும் அன்று. எனினும் தமிழறிந்தான் ஒருவன் அதனைத் தயங்காது பிரித்துப் பொருள்கொள்வான். புணர்ந்த இரு சொற்களும் அவனுக்கு முன்னரே உறவினவாதலின், புணர்ச்சி அவனை மயக்குவதில்லை.

அறிவியற் சொற்களின் நிலை வேறு. அவற்றின் உறுப்புகள் கற்போனுக்கு உறவினவல்ல. ஆகவே அவன் உறுப்பை விட்டு அசையைப் பற்றிக்கொள்கிறான். பொருளை விட்டு ஓசையை மனனஞ் செய்கிறான். அவ்வாறு செய்வதால் அவன் இழப்பது யாது, அவ்விழப்பைத் தடுக்க ஆசிரியரும் நூலாசிரியரும் செய்யக்கூடியது யாது என்பதை ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட சொல், இரசாயன ஆய்வுகூடத்தில் அமிலத்தையும் காரத்தையும் நியமிக்கும் மாணவர் யாவரும் அறிந்த காட்டியின் பெயர்: பினோத்தலீன்.

கூம்புக்குடுவையிலுள்ள அமிலத்தில் இக்காட்டியின் இரண்டொரு துளிகளை இட்டு, அளவியிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். நிறமற்றிருந்த கரைசல் முடிவுநிலையில் மென்சிவப்பாகிறது. பீ. எச். பெறுமானம் ஏறத்தாழ 8.3 இலிருந்து 10 வரையுள்ள எல்லையில் இந்நிறமாற்றம் நிகழும். பொருள் இத்துணை எளிமையாகத் தன் தொழிலைச் செய்கிறது. பெயரோ அத்துணை எளிமையானதன்று. ஆங்கிலத்தில் இதனை எழுதப் பதினைந்து எழுத்துகள் வேண்டும்: பீ, எச், ஈ, என், ஓ, எல், பீ, எச், ரீ, எச், ஏ, எல், ஈ, ஐ, என். இவற்றுள் நடுவிலுள்ள எல், பீ, எச், ரீ, எச் என்னும் ஐந்தும் இடையில் உயிரெழுத்து எதுவுமின்றி அடுத்தடுத்து நிற்கும் மெய்யெழுத்துகள். மாணவன் இச்சொல்லிற் கால் இடறுவது இவ்விடத்திலேயே.

முதலில் அசையை நோக்குவோம். இச்சொல்லுக்கு அசை எத்தனை என்று வினவினால் அகராதிகள் ஒரே விடை கூறுவதில்லை. நான்கு எனக் கொண்டு 'ஃபீ-நோல்-தேய்-லீன்' என்று ஒலிக்கலாம். மூன்றாம் அசையின் உயிரைக் குறுக்கி ஒலிப்பாரும் உளர். ஐந்து எனக் கொண்டு, ஈற்றிலுள்ள ஈயையும் ஐயையும் தனித்தனி உயிராக்கி, 'ஃபீ-நோல்-தா-லி-இன்' என்று ஒலிப்பதையும் அகராதிகள் ஏற்கின்றன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. இப்பெயர் பிறந்தது செருமன் மொழியில். அங்கு இதன் ஈற்றிலுள்ள ஐ என்னும் எழுத்தின்மீது இரட்டைப் புள்ளியிட்டு, அதனை முன்னைய உயிரோடு சேர்க்காது பிரித்து ஒலிக்கவேண்டும் எனக் காட்டினர். ஆங்கிலம் புள்ளியைக் கைவிட்டது. அதன் பின்னர் இரண்டு உயிர்களும் ஒன்றாய்க் கலந்து நீண்டன. ஆகவே ஐந்தசை கூறுவோர் பிறப்பைப் பின்பற்றுகின்றனர். நான்கசை கூறுவோர் வழக்கைப் பின்பற்றுகின்றனர். எப்படிக் கூறினும் அழுத்தம் மூன்றாம் அசையின்மீதே விழும் என்பதில் மட்டும் ஒற்றுமை உண்டு.

இனி, நடுவிலுள்ள ஐந்து மெய்யெழுத்துகளை நோக்குவோம். பீயும் எச்சும் சேர்ந்து 'ஃப்' என்னும் ஓர் ஒலி. ரீயும் எச்சும் சேர்ந்து 'த்' போன்ற ஓர் ஒலி. எனவே ஐந்து எழுத்துகளும் குறிப்பன 'ல்', 'ஃப்', 'த்' என்னும் மூன்று ஒலிகளே. ஆயின் இம்மூன்றையும் ஒலிப்பவர் சிலர். 'ஃப்' என்பதை விட்டுவிட்டு இரண்டை மட்டும் ஒலிப்பவர் பலர். இரண்டையும் அகராதிகள் ஒப்புகின்றன.

ஆங்கில நா ஏன் இந்த 'ஃப்' ஒலியைக் கைவிடுகிறது? எந்த ஒலி சொல்லுக்கு முதலில் வரும், எந்த மெய் எந்த மெய்யோடு மயங்கும் என்பவற்றைத் தமிழிலக்கணம் மொழிமுதலெழுத்து, மெய்ம்மயக்கம் என்னுந் தலைப்புகளில் வரையறுத்துக் கூறும். ஆங்கிலத்துக்கும் இத்தகைய வரையறை உண்டு. அதனைப் பள்ளியிற் கற்பிப்பதில்லை, அவ்வளவே. அவ்வரையறையின்படி 'ஃப்' ஒலியும் 'த்' ஒலியும் இணைந்து சொல்லையோ அசையையோ தொடங்குதல் ஆங்கில நாவுக்கு இயைவதில்லை. கிரேக்கத்திலிருந்து இவ்விணை மெய்யோடு வந்த சொற்களில் அது முதல் ஒலியை விழுங்கிவிடுகிறது. காச நோயைக் குறிக்கும் 'தைசிஸ்' என்னும் பழைய மருத்துவச் சொல்லின் எழுத்தில் முதலில் நிற்பன பீயும் எச்சும். நாவிலோ அவை இல்லை. உளவியலைக் குறிக்குஞ் சொல்லின் முதலெழுத்தாகிய பீக்கும், முழங்காலைக் குறிக்குஞ் சொல்லின் முதலெழுத்தாகிய கேக்கும் நேர்ந்த கதி இதுவே.

புணர்ச்சி விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும் என்று நாம் கற்றிருக்கிறோம். நாவுக்கு இயையாத அயற்சொல் வந்தவிடத்தும் இவ்விகாரங்களே நிகழ்கின்றன. தமிழ் பெரும்பாலும் தோன்றலை மேற்கொள்ளும். ரகரத்தின் முன்னர் இகரத்தை நிறுத்தி 'இரசாயனம்' என்று எழுதும். ஆங்கிலம் கெடுதலை மேற்கொள்கிறது. ஆனாற் கெட்ட எழுத்தை ஏட்டில் மட்டும் காத்துவைக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலை நகையாடுவோர் அக்காவலின் பயனையும் எண்ணவேண்டும். அதனைப் பின்னர்க் காண்போம்.

அசையையும் ஒலியையும் பார்த்தோம். பொருளுறுப்புகளை இனி நோக்குவோம். இச்சொல்லின் உறுப்புகள் நான்கு: ஃபென், ஓல், ஃப்தல், எயின். இவற்றுள் ஒவ்வொன்றும் பிறிதொரு சொல்லிலிருந்து வெட்டியெடுத்த துண்டு.

முதலாவது 'ஃபென்'. 1825ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே, ஒளிதரும் எரிவாயுவைச் செய்யும்போது எஞ்சும் எண்ணெயிலிருந்து ஒரு திரவத்தைப் பிரித்தெடுத்தார். அதுவே இன்று நாம் பென்சீன் என்று வழங்குவது. பிரான்சிய இரசாயனவறிஞர் ஓகுஸ்த் லோறான், 1836இல், விளக்கெரிக்கும் வாயுவோடு தொடர்புடையதென்னுங் காரணத்தால், ஒளிர்வித்தல் அல்லது காட்டுதல் என்னும் பொருள்தரும் கிரேக்க அடியிலிருந்து அதற்கு 'ஃபென்' எனப் பெயரிட்டார். திரவத்துக்கு இட்ட அப்பெயர் நிலைக்கவில்லை. அதன் வழிவந்த பொருள்களின் பெயர்களில் மட்டும் தங்கிவிட்டது. ஈண்டு ஒரு நயம் உளது. காட்டுதல் என்னும் பொருளுடைய அடியைத் தன் முதலுறுப்பாகக் கொண்ட பினோத்தலீனைத் தமிழில் நாம் 'காட்டி' என்றே அழைக்கிறோம். பெயர் வைத்தவர் இதனை எண்ணியிருத்தல் இயலாது. தெருவிளக்கை எண்ணி இட்ட பெயர் அமிலத்தையும் காரத்தையும் காட்டித்தரும் பொருளுக்கு வாய்த்துவிட்டது.

இரண்டாவது 'ஓல்'. அரபு மொழியில் 'அல்' என்பது சுட்டிடைச்சொல்; 'குகுல்' என்பது கண்ணுக்குத் தீட்டும் மை. இரண்டுஞ் சேர்ந்து, நுண்ணிய மைப்பொடியைக் குறித்த சொல், பின்னர் வடித்தெடுத்த நுண்பொருளைக் குறித்து, ஈற்றில் அற்ககோல் ஆயிற்று. அச்சொல்லின் வாலைமட்டும் வெட்டி, ஐதரொட்சில் கூட்டத்தையுடைய சேர்வைகளுக்கு ஈறாக வழங்கினர். 1834இல் உருங்கே என்பார் நிலக்கரித்தாரிலிருந்து பெற்று வேறு பெயரால் வழங்கிய பொருளுக்கு, சார்ள்ஸ் ஜெரார் 1843இல் 'பீனோல்' என்று பெயரிட்டார். ஒளியின் தலையும் மையின் வாலும் சேர்ந்து ஒரு பெயராயின.

மூன்றாவது உறுப்பே இக்கட்டுரையின் உயிர்நிலை. துணி அலுமாரியில் இடும் பூச்சியுருண்டைகள் நெடுங்காலம் நப்தலீனாற் செய்யப்பட்டன. நிலக்கரித்தாரிலிருந்து கிடைத்த அவ்வெண்பொருளுக்கு 1821இல் யோன் கிட் என்பார் அப்பெயரை இட்டார். நிலத்திலிருந்து ஊறும் எரியெண்ணெயைக் கிரேக்கர் 'நாப்தா' என்றனர். அச்சொல்லை அவர்கள் கிழக்கிலிருந்து பெற்றனர். பாரசீகத்தில் அது 'நஃப்த்'. அதற்கும் மிக முந்திய அக்காதிய மொழியில் 'நப்து'. 1836இல் லோறான் நப்தலீனிலிருந்து பெற்ற சேர்வை ஒன்றை ஒட்சியேற்றி ஓர் அமிலத்தைப் பெற்றார். அது நப்தலீனின் அமைப்பை உடையதென்று கருதி 'நப்தலிக்கமிலம்' எனப் பெயரிட்டார். பின்னர், சுவிற்சலாந்தைச் சேர்ந்த மரிஞ்ஞாக் அதன் உண்மையான சூத்திரத்தைத் துணிந்தார். நப்தலீனில் 10 காபன் அணுக்கள் உள. அமிலத்திலோ 8 காபன் அணுக்களே. நப்தலீன் அன்று என்று தெளிந்தபின் நப்தலீனின் பெயர் அதற்குப் பொருந்தாதாயிற்று. லோறான் புதுப்பெயர் தேடவில்லை. பழைய பெயரின் தலையை வெட்டினார். முதலிலிருந்த என், ஏ என்னும் இரண்டு எழுத்துகள் நீங்கின. எஞ்சியது 'ஃப்தலிக்' அமிலம். பொருளில் இரண்டு காபன் குறைந்தது. பெயரில் இரண்டெழுத்துக் குறைந்தது. இவ்வொப்புமை தற்செயலாயினும், நினைவிற் பதிக்க இதனினும் நல்ல வழியில்லை.

ஆயின் அவ்வெட்டினால் விளைந்த இடரையும் நோக்குக. முழுச்சொல்லில் 'ஃப்' ஒலி முதலசையைச் சேர்ந்தது. 'த்' ஒலி இரண்டாம் அசையைத் தொடங்கியது. 'நஃப்-த' என்று பிரிந்தமையால் நாவுக்கு இடர்ப்பாடில்லை. வெட்டியவர் அசைநோக்கி வெட்டியிருந்தால் 'நஃப்' முழுதையும் நீக்கி 'தலிக்' என்று விட்டிருப்பார். அவர் எழுத்துநோக்கி வெட்டினார். ஆகவே 'ஃப்' என்னும் மெய் தன்னைத் தாங்கிய உயிரை இழந்து, வேண்டாதார் வீட்டு வாயிலில் நின்றது. கிரேக்கச் சொற்கள் அவ்வாறு தொடங்கும். ஆங்கிலச் சொற்கள் தொடங்கா. எனவே ஏட்டில் இருந்த மெய் நாவில் மறைந்தது. மாணவன் இடறும் ஐந்தெழுத்துக் கூட்டம் இயற்கையாய் வளர்ந்ததன்று. ஓர் இரசாயனவறிஞரின் கத்தரிக்கோல் செய்த காயம்.

நான்காவது உறுப்பு 'எயின்'. 1871இல் அடோல்வ் வொன் பேயர் என்னும் செருமானிய அறிஞர் பீனோலையும் தலிக்கமிலத்தின் நீரிலியையும் ஒடுங்கச் செய்து ஒரு புதுச்சேர்வையைப் பெற்றார். பெற்றோர் இருவர் பெயரையுஞ் சேர்த்து, ஈற்றில் 'எயின்' என்னும் விகுதியை அதற்குக் கொடுத்தார். அதே ஆண்டில் இவ்வழியே அவர் கண்ட மற்றொரு பொருளே புளோரசீன். அதன் எழுத்திலும் இவ்விகுதி உண்டு. சேதனச் சாயங்கள் முதலியவற்றில் ஆற்றிய பணிக்காகப் பேயர் 1905இல் நோபல் பரிசு பெற்றார். பெயரை நோக்கின் ஒரு பீனோலும் ஒரு தலிக்கு நீரிலியும் சேர்ந்ததென்று தோன்றும். உண்மையில் இரண்டு பீனோல் மூலக்கூறுகள் சேர்கின்றன. ஆகவேதான் ஆறும் ஆறும் எட்டுமாக 20 காபன் அணுக்கள் அமைகின்றன. பெயர் குலத்தைக் கூறும், தொகையைக் கூறாது.

இனி அசைப்பகுப்பையும் உறுப்புப்பகுப்பையும் ஒருங்கு வைத்து நோக்குவோம். உறுப்பின்படி வெட்டவேண்டிய இடம் 'பீனோல்' என்பதன் பின்னர். 'ஃப்' ஒலியை விடாது கூறும் நா அவ்விடத்தில் வெட்டுவதில்லை. பின்னசையைத் தொடங்க இயலாத 'ஃப்' முன்னசையின் ஈற்றிலுள்ள லகரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'கோல்ஃப்' என்னும் விளையாட்டுப் பெயரின் இறுதியை ஒத்து, 'நோல்ஃப்' என்று ஓர் அசை பிறக்கிறது. 'நோல்ஃப்' என்பது பொருளற்ற துண்டு. பீனோலின் வாலும் நப்தலீனின் நடுவெலும்பும் ஒட்டியது. ஒலியை முழுமையாகக் காப்பவன் உறுப்பைச் சிதைக்கிறான். ஒலியை விடுபவன் உறுப்பின் எல்லையைக் காக்கிறான்! வரியிறுதியிற் சொல்லைப் பிரிக்கும் அச்சகத்தார்க்கு அகராதிகள் காட்டும் பிரிப்போ பீனோலின் பின்னரே வெட்டுகிறது. அதனை ஒலிப்புக்கு விதியென்று கொள்வோர், எந்த ஆங்கிலேயனும் எளிதிற் கூறாத ஒன்றைக் கூற முயல்கின்றனர்.

இங்கு நம் வகுப்பறைகளில் நிகழும் ஒரு வழக்கத்தைக் கண்டித்தல் வேண்டும். அறிவியற் சொல்லைத் தவறாக ஒலித்தான் என்று மாணவனை நகைப்பது பல இடங்களில் உண்டு. 'ஃப்' ஒலியின்றி 'நப்தலீன்' என்றவனைக் கல்லாதான் என்பர். ஆயின் 'நப்' என்று பகர ஒலியோடு கூறுவதை ஆங்கில அகராதிகளே ஏற்கின்றன. அம்மட்டோ? பழைய கிரேக்கத்தில் அவ்வெழுத்துக்கு உரிய ஒலி 'ஃப்' அன்று. மூச்சோடு கூடிய பகரம். அதனோடு வந்த மற்றை எழுத்தும் மூச்சோடு கூடிய தகரம். அக்காதிய மொழியில் இருந்ததும் பகரமே. அவ்வகையில் நம் மாணவன் கூறும் 'நப்த' என்னும் ஒலி இன்றைய ஆங்கில ஒலியினும் தொன்மைக்கு அண்மையது. நகைப்பவர் சொல்லின் வரலாற்றை அறியின் நகையார். ஒலிப்பில் ஆங்கிலேயரே இருவேறாகவும் மூவேறாகவும் நிற்கும் ஒரு சொல்லை அறிவின் உரைகல்லாகக் கொள்ளுதல் பொருந்தாது. அச்சொல்லின் உறுப்பைக் கேட்டு, அவ்வுறுப்புப் பிறிதெங்கே வருகிறதென்று வினவுவதே தக்க சோதனை.

தலையிழந்த அவ்வுறுப்பு இன்று பலவிடங்களில் வாழ்கிறது. பிளாத்திக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தலேற்றுகள், நீல, பச்சை வண்ணங்களாகப் பயன்படும் தலோசயனீன்கள் என்பன அதன் வழிவந்தவை. குடிநீர்ப் போத்தல்கள் செய்யும் 'பெற்' என்னும் பிளாத்திக்கின் முழுப்பெயர் பொலியெதிலீன் தெரெத்தலேற்று. இதன் 'தெரெ' என்பது தேர்பந்தைன் எண்ணெயைக் குறிக்குஞ் சொல்லிலிருந்து வெட்டிய துண்டு. உறுப்பறிந்த மாணவன் நப்தலீன், பினோத்தலீன், தெரெத்தலேற்று ஆகிய மூன்றிலும் ஒரே குடும்பத்தின் முகச்சாயலைக் காண்பான். அசைமட்டும் அறிந்தவனுக்கு அவை மூன்று தனித்தனிச் சுமைகள்.

சொல்லின் ஈற்றைப் பற்றியும் கூறவேண்டியது உண்டு. நப்தலீன், குளோரீன், பினோத்தலீன் என்னும் மூன்றும் தமிழில் 'ஈன்' என்றே முடிகின்றன. ஆங்கில நாவிலும் பெரும்பாலும் அவ்வாறே. ஆயின் ஆங்கில ஏட்டில் மூன்றும் வெவ்வேறு எழுத்துகளால் முடியும். ஒன்று ஐதரோக்காபனைக் குறிக்கும் விகுதி. மற்றொன்று குளோரீன் முதலிய மூலகங்களுக்கும் அமீன் முதலியவற்றுக்கும் உரியது. பிறிதொன்று பேயர் வழங்கியது. 1866இல் ஓவ்மன் என்னும் அறிஞர் ஐதரோக்காபன்களின் ஈறுகளை உயிரெழுத்து வரிசைப்படி முறைப்படுத்த முன்வந்தார். ஈற்றின் ஓரெழுத்தில் ஒரு வகுப்பையே அடக்கும் முயற்சி அது. நா ஒன்றாக்கியதை ஏடு வேறாகக் காக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலின் பயன் என்று மேலே குறித்தது இதுவே. ஒலித்தபடி எழுதும் நம் எழுத்து முறை பல வகையில் மேம்பட்டதாயினும், இவ்விடத்தில் அது பொருள்வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

இஃது ஏட்டளவில் நிற்கும் குறையன்று. ஆங்கிலத்தில் ஒரே எழுத்தால் வேறுபட்டு, ஒலியில் ஒன்றாய்க் கேட்கும் பெயர்கள் இரண்டு உள. ஒன்று பென்சீன், 6 காபனும் 6 ஐதரசனும் கொண்ட தனிச்சேர்வை. மற்றொன்று பெற்றோலியத்தை வடித்துப் பெறும் கலவையான கரைப்பான். இரண்டையுந் தமிழில் எழுதினால் இரண்டும் 'பென்சீன்' ஆகும். முன்னையது இரத்தப் புற்றுநோயை உண்டாக்குவதென்று ஐயமறத் துணியப்பட்ட பொருள். போத்தலின்மீது ஒட்டிய பெயர் இவ்விரண்டனுள் எதனைக் குறிக்கிறதென்று அறியாது ஒருவன் கையாளுவானாயின், எழுத்தின் குறை உடலின் கேடாக முடியும். இம்மயக்கம் புதியதுமன்று. 1834இல் மிற்செர்லிக் என்பார் பரடேயின் திரவத்துக்கு 'பென்சின்' என்று பெயரிட்டபோது, அவ்வீறு குயினைன், இசுத்திரிக்குனைன் என்னும் மருந்துப் பொருள்களின் குலத்தைச் சேர்ந்ததென மயங்கவைக்கும் என்று லீபிக் மறுத்து, 'பென்சோல்' என மாற்றினார். இன்றும் செருமன் மொழியில் பென்சோல் என்பது பென்சீனையும், பென்சின் என்பது வாகனத்துக்கு இடும் பெற்றோலையும் குறிக்கின்றன. தமிழில் நாம் செய்யக்கூடியது எளிது: பென்சீன் என்னும் பெயரைத் தனிச்சேர்வைக்கே உரிமையாக்கி, மற்றையதைப் பெற்றோலியக் கரைப்பான் என்று விளங்க எழுதுதல்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட சொல்லின் தமிழ் வடிவங்களை மதிப்பிடுவோம். தமிழில் இரசாயனம் எழுதும் முயற்சிக்கு யாழ்ப்பாணத்தில் நீண்ட வரலாறு உண்டு. மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த கிறீன் வைத்தியரின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் நூல் 1875இல் வெளிவந்தது. ஆங்கிலச் சொல்லின் வாலை நீக்கித் தமிழ் ஈற்றைப் பொருத்திய அத்தலைப்பே, பெயரை எங்கே வெட்டுவது என்னும் வினா நமக்குப் பழையதென்பதைக் காட்டும். பின்னர் அரசகரும மொழித் திணைக்களத்தார் வெளியிட்ட சொற்றொகுதிகள் வாயிலாக ஒட்சிசன், ஐதரசன், காபன் முதலிய வடிவங்கள் ஈழத்து வகுப்பறைகளில் நிலைபெற்றன. அவ்வடிவங்களின் பெருமை, தமிழெழுத்தின் இயல்புக்கு அயலொலியை இணங்கச் செய்தமையே.

'பினோத்தலீன்' என்னும் வடிவம் அம்மரபினது. பகரமெய்யை அடுத்துத் தகரம் வருதல் தமிழ் மெய்ம்மயக்கத்துக்கு ஒவ்வாது. ஆகவேதான் வடமொழிச் 'சப்தம்' தமிழிற் 'சத்தம்' ஆயிற்று. அவ்விதிப்படி 'ப்த' என்பது 'த்த' ஆகிப் பினோத்தலீன் பிறந்தது. தமிழ்நாட்டு வழக்கிலுள்ள 'பினாப்தலீன்' அத்திரிபை ஏற்காது பகரத்தைக் காக்கிறது. ஆனால் இரண்டு வடிவங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. பீனோலின் லகரம் இரண்டிலும் இல்லை. பகரத்தைக் காப்பதா கெடுப்பதா என்று வாதிட்ட நாம், ஆங்கில நா ஒருபோதும் விடாத லகரத்தைக் கைவிட்டோம். அதனோடு 'பீ' என்னும் நெடிலும் 'பி' எனக் குறுகிற்று. பாடநூலின் ஒரு பக்கத்திற் 'பீனோல்' என்று கற்ற மாணவன், மறுபக்கத்திற் 'பினோத்தலீன்' என்பதில் அதே பீனோல் இருப்பதை எவ்வாறு காண்பான்?

இக்குறையை நீக்க 'பீனோல்தலீன்' என்று எழுதலாம் என்பது எம் கருத்து. அதில் முன்னுறுப்பு முழுமையாய் நிற்கிறது. பின்னுறுப்புத் 'தலிக்கமிலம்' என்பதோடு ஒத்திருக்கிறது. ஆங்கில நாவே கைவிட்ட 'ஃப்' மட்டும் நீங்குகிறது. இவ்வினத்தைச் சேர்ந்ததும், காரத்தில் நீலநிறங் காட்டுவதுமாகிய மற்றொரு காட்டியையும் 'தைமோல்தலீன்' என்று அவ்வாறே எழுதலாம். அப்போது தைமோலும் பீனோலும் இடம்மாற, தலீன் மாறாது நிற்பதை மாணவன் கண்ணாலேயே காண்பான்.

லகரத்தின்முன் தகரம் மயங்காது. புணர்ச்சி விதிப்படி லகரம் றகரமாகத் திரியவேண்டும் அன்றோ எனின், உண்மையே. அவ்வாறு திரித்தாற் கிடைப்பது 'பீனோற்றலீன்'. கற்றூணைக் கல்லாகவும் தூணாகவும் பிரிப்பவனுக்கு அவ்விரு சொற்களும் தெரியும். அதனால் அவன் பிரிக்கிறான். பீனோற்றலீனைப் பிரிப்பதற்கு வேண்டிய அறிவையே நாம் அவனுக்கு இப்போதுதான் ஊட்ட முயல்கிறோம். பிரிக்க அறியாதானிடம் புணர்ந்ததைக் கொடுத்தல், பூட்டைக் கொடுத்துத் திறப்பை மறைப்பது போலாகும். 'சுல்தான்' என்னும் சொல்லில் இம்மயக்கத்தை நாம் ஏற்றுக்கொண்டோம். உறுப்பெல்லை தெளிவாய் நிற்கவேண்டிய கலைச்சொல்லில் இயல்பாக எழுதுதல் இழுக்காகாது.

எனினும் நிலைபெற்ற வழக்கை ஒரே நாளில் மாற்றவேண்டுமென்று யாம் கூறவில்லை. பாடநூலிலும் பரீட்சையிலும் பயின்றுவரும் வடிவத்தை எழுதும் மாணவன் பிழைசெய்தவனாகான். வடிவம் எதுவாயினும், அதனை முதன்முறை கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், அதன் உறுப்புகளை ஒருமுறையேனும் பிரித்துக் காட்டுதல் வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் போதும். பத்துமுறை உரத்துச் சொல்வித்து மனனஞ் செய்விப்பதற்கும் அத்துணைப் பொழுது செல்லும்.

உறுப்பெல்லாம் பொருள்கூறும் பெயர் வேண்டுமெனின், அதுவும் இரசாயனத்தில் உண்டு. அனைத்துலக முறைப்படி பினோத்தலீனின் பெயர் 3,3-பிசு(4-ஐதரொட்சிபீனைல்)-2-பென்சோபியூரன்-1(3எச்)-ஒன். இதிற் பீனைல் கூட்டம் இரண்டென்பதும், அவை எங்கே இணைந்தன என்பதும் எண்ணும் எழுத்துமாக விளங்கும். ஆயினும் அளவியின் அருகில் நின்று இப்பெயரைக் கூவிக் காட்டியைக் கேட்பார் எவருமிலர். பேயரிட்ட பெயர் நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தும் ஆய்வுகூடத்திற் கேட்கிறது. முறையான பெயர் பொருளின் அமைப்பைக் கூறும். வழங்கும் பெயர் அப்பொருளை மனிதர் அறிந்துகொண்ட வழியைக் கூறும். விளக்கெரித்த வாயு, கண்ணுக்கிட்ட மை, பாபிலோனிய நிலத்தில் ஊறிய எண்ணெய், தவறென்று தெளிந்தபின் வெட்டிய தலை ஆகிய யாவும் அப்பதினைந்து எழுத்துகளுள் அடங்கியுள்ளன.

சொல்லை ஓசையாக மட்டும் கற்பவன் அறிவியலைப் பிறர் மொழியின் மந்திரமாகக் கற்கிறான். எழுத்துத் தவறினால் மந்திரமுந் தவறும். உறுப்பறிந்து கற்பவனுக்கு ஒலி சிறிது பிறழ்ந்தாலும் பொருள் பிறழாது. இரசாயனத்தைத் தமிழிற் கற்பிக்கும் நாம் மாணவர்க்கு அளிக்கவேண்டிய முதற்கருவி பிரித்தறியும் பழக்கமே. அப்பழக்கம் வாய்த்தபின், தலையிழந்த சொற்களுக்கும் அவர்களே தலையைத் தேடிக் கொடுப்பர்.